முதலீட்டுக்கு முன் கடனைக் கற்றுக்கொடுங்கள்

அரசுப் பள்ளியில் படித்துவிட்டுக் கல்லூரிக்கு வரும் மாணவியின் வங்கிக் கணக்கில் தமிழ்நாடு அரசு மாதந்தோறும் ஆயிரம் ரூபாய் செலுத்துகிறது. 2022 செப்டம்பரில் புதுமைப்பெண் திட்டமாகத் தொடங்கிய இந்த உதவி, 2024 ஆகஸ்டில் தமிழ்ப் புதல்வன் என்ற பெயரில் மாணவர்களுக்கும் வந்தது. மூன்றாண்டுப் பட்டப்படிப்பு முடிவதற்குள் ஒருவர் கையில் ஏறத்தாழ 36,000 ரூபாய் வந்து போயிருக்கும். குடும்பத்திலிருந்து முதன்முதலாகக் கல்லூரிக்குள் நுழையும் பிள்ளைகளில் பலருக்கு, தம் பெயரில் உள்ள கணக்கில் மாதம் தவறாமல் பணம் ஏறுவது இதுவே முதல் தடவை. ஆனால் அந்தப் பணத்தைப் பற்றியோ, தம் பெயரில் வாங்கியிருக்கும் கல்விக் கடனைப் பற்றியோ, நாளை கைக்கு வரப்போகும் சம்பளச் சீட்டைப் பற்றியோ அதே கல்லூரியில் ஒரு மணி நேரப் பாடம்கூடப் பெரும்பாலும் இருப்பதில்லை. வணிகவியல் படிப்பவர்கள் கம்பெனிக் கணக்கையும் கூட்டாண்மைக் கணக்கையும் மூன்று ஆண்டுகள் எழுதிப் பழகுகிறார்கள். தம் சொந்தக் கடன் கணக்கை எழுதிப் பார்த்திருக்க மாட்டார்கள். மற்ற துறை மாணவர்களுக்கு அந்தப் பயிற்சியும் கிடையாது.

இந்தக் குறை யாருக்கும் தெரியாத ஒன்றல்ல. ரிசர்வ் வங்கி, பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையமான செபி, காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம், ஓய்வூதிய ஒழுங்குமுறை ஆணையம் ஆகிய நான்கும் சேர்ந்து அமைத்த தேசிய நிதிக் கல்வி மையம் 2019இல் நடத்திய ஆய்வு, நாட்டில் வயதுவந்தோரில் 27 சதவீதத்தினருக்குத்தான் அடிப்படை நிதி அறிவு இருப்பதாகக் கண்டது. அதன் பிறகு கல்லூரிகளில் கருத்தரங்குகளும் பயிலரங்குகளும் பெருகியிருக்கின்றன. என் கவலை அவற்றில் என்ன சொல்லிக்கொடுக்கிறார்கள் என்பதைப் பற்றியது. பெரும்பாலான கூட்டங்கள் ஒரே பாதையில் செல்கின்றன: கூட்டு வட்டியின் பெருமை, மாதம் ஐந்நூறு ரூபாய் போடும் எஸ்ஐபி முதலீடு, பங்குச் சந்தை அறிமுகம், முடிவில் டிமேட் கணக்கு. இது ஒரு முதலீட்டாளருக்கான பாடம். பத்தொன்பது வயது மாணவர் இன்னும் முதலீட்டாளர் ஆகவில்லை. நிதி உலகத்துக்குள் அவர் கடனாளியாகத்தான் நுழைகிறார், அடுத்ததாகச் சம்பளக்காரர் ஆகிறார், முதலீடு செய்யும் நிலை அதற்கும் சில ஆண்டுகள் கழித்தே வருகிறது. பாடமும் இந்த வரிசையிலேயே அமைய வேண்டும் என்பதே என் வாதம். முதலாண்டில் கடனைக் கற்றுக்கொடுங்கள், இறுதியாண்டில் சம்பளச் சீட்டையும் காப்பீட்டுப் பத்திரத்தையும் படிக்கக் கற்றுக்கொடுங்கள். முதலீடு அதன் பின்னால் வரட்டும்.

கல்விக் கடனையே எடுத்துக்கொள்வோம். நான்காண்டுப் பொறியியல் படிப்புக்கு ஆண்டுக்கு ஒரு லட்சம் வீதம் நான்கு லட்சம் ரூபாயை ஒருவர் பத்து சதவீத வட்டியில் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரித் திட்டப்படி படிக்கும் காலத்திலும் அதற்குப் பிந்தைய ஓராண்டிலும் தவணை கட்ட வேண்டியதில்லை. ஆனால் தனிவட்டி ஏறிக்கொண்டே இருக்கும். முதலாண்டில் வாங்கிய தொகைக்கு ஐந்தாண்டு வட்டி, இரண்டாம் ஆண்டுத் தொகைக்கு நான்காண்டு வட்டி என்று கூட்டிக்கொண்டு போனால், தவணை தொடங்கும் நாளில் கடன் 5.40 லட்சமாக நிற்கும். அதைப் பத்தாண்டில் அடைக்க மாதம் சுமார் 7,140 ரூபாய் கட்ட வேண்டும். கட்டி முடிக்கும்போது மொத்தம் 8.56 லட்சம் ஆகியிருக்கும். தவணை குறையட்டும் என்று காலத்தைப் பதினைந்தாண்டாக நீட்டினால் மாதம் 5,800 ரூபாய் போதும், ஆனால் மொத்தம் 10.4 லட்சத்தைத் தாண்டிவிடும். மாதம் ஆயிரத்து முந்நூறு ரூபாய்ச் சுமை குறைவதற்காக ஏறத்தாழ 1.88 லட்சம் கூடுதலாகப் போகிறது. இந்தக் கணக்கில் பிளஸ் டூ கணிதத்துக்கு மேல் எதுவும் இல்லை. இருந்தும், கையெழுத்துப் போடும் நாளில் இதை மாணவருக்கும் அவருடைய பெற்றோருக்கும் தாளில் எழுதிக் காட்டுகிறவர் அரிது.

இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். படிக்கும்போதே வட்டியை மட்டும் கட்டிவந்தால் அதே கடனுக்கு முதலாண்டில் மாதம் 833 ரூபாய்தான் ஆகும். அரசு தரும் ஆயிரம் அதை முழுதாக அடைத்துவிடும். இரண்டாம் ஆண்டில் மாத வட்டி 1,667 ஆக உயரும்போதும் பாதிக்கு மேல் அந்த ஆயிரமே தாங்கும். படிப்புக் காலத்து வட்டியை ஒழுங்காகக் கட்டுவோருக்கு ஒரு சதவீதச் சலுகை தரும் வங்கிகளும் உண்டு. அதற்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: அந்த வட்டியை நாம் கட்டத்தான் வேண்டுமா? குடும்ப ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருக்கும் தொழிற்கல்வி மாணவர்களின் படிப்புக் கால வட்டியை மத்திய அரசே ஏற்கும் திட்டம் 2009 முதல் நடைமுறையில் இருக்கிறது. படிப்புக்கும் கல்லூரிக்கும் தகுதி வரம்புகள் உண்டு. உரிய வருமானச் சான்றிதழை வங்கியில் கொடுத்தாக வேண்டும். இப்படி ஒரு திட்டம் இருப்பதை முதலாண்டின் முதல் மாதத்தில் அறிவதற்கும் நான்காம் ஆண்டில் அறிவதற்கும் இடையே ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் வேறுபாடு விழலாம். ஓய்வுக் காலத்துக்கு எவ்வளவு சேர்க்க வேண்டும் என்று பதினெட்டு வயதில் சொல்லிக்கொடுப்பதைவிட இது எவ்வளவு அவசரமானது!

கல்விக் கடனாவது ஒழுங்குமுறைக்கு உட்பட்டது. மாணவர் சந்திக்கும் மற்றக் கடன்கள் அவ்வளவு தெளிவாகத் தம்மைக் காட்டிக்கொள்வதில்லை. நம் ஊரில் கைமாற்றுக்கு வட்டி சொல்வது மாதக் கணக்கில், நூற்றுக்கு இத்தனை ரூபாய் என்று: ரெண்டு வட்டி, மூணு வட்டி. வங்கி ஆண்டுக் கணக்கில் சொல்லும். இருசக்கர வாகனக் கடன் தருபவர் பிளாட் வட்டி என்பார். கடன் செயலி ஒரு நாளைக்கு இவ்வளவு என்று சொல்லும், அல்லது வட்டியையே சொல்லாமல் பிராசசிங் கட்டணம் என்று பிடித்துக்கொள்ளும். எல்லாவற்றையும் ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவரத் தெரிந்தால்தான் எது மலிவு, எது கொள்ளை என்று தெரியும். மூணு வட்டி என்பது ஆண்டுக்கு 36 சதவீதம். ஒரு லட்சம் ரூபாய் வண்டிக் கடனுக்கு மூன்றாண்டு பத்து சதவீத பிளாட் வட்டி என்றால், அசல் மாதாமாதம் குறைந்துவந்தாலும் முழுத் தொகைக்கே கடைசி வரை வட்டி கணக்கிடுகிறார்கள். குறையும் அசலின் மீது கணக்கிட்டால் அது ஏறத்தாழ 18 சதவீதம். கிரெடிட் கார்டில் பாக்கி வைத்தால் மாதம் 3.5 சதவீதம் என்பது பரவலாக உள்ள விகிதம். தெருவில் மூன்றரை வட்டிக்குக் கொடுப்பவரிடம் போகத் தயங்குகிற படித்த பிள்ளை, அதே மூன்றரை வட்டியைப் பளபளப்பான அட்டையில் தயக்கமின்றி ஏற்றுக்கொள்கிறார். வட்டியின் மீது 18 சதவீத ஜிஎஸ்டியும் சேரும். இருபதாயிரம் ரூபாய்ப் பாக்கிக்கு ஒவ்வொரு மாதமும் ஐந்து சதவீதக் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிவந்தால், ஓராண்டில் 11,700 ரூபாய்க்கு மேல் கட்டியிருப்பார். கடனோ 2,400 ரூபாய் அளவுக்குத்தான் குறைந்திருக்கும். புதிதாக எதையும் வாங்காமல் இருந்தால்தான் இந்தக் கணக்கும் பொருந்தும்.

செயலிக் கடன் இதைவிட மோசமான இடத்துக்கு இழுத்துச் செல்லக்கூடியது. ஐயாயிரம் ரூபாய்க் கடன் என்று சொல்லி 3,500 ரூபாயைக் கையில் கொடுத்து, ஏழாம் நாள் ஐயாயிரத்தையும் கேட்டால் அது வாரத்துக்கு 43 சதவீத வட்டி. ரிசர்வ் வங்கி அமைத்த பணிக்குழு 2021இல் தந்த அறிக்கை, இந்தியப் பயனர்களுக்குக் கிடைத்த ஏறத்தாழ 1,100 கடன் செயலிகளில் 600 சட்டவிரோதமானவை என்று கண்டறிந்தது. அதன் விளைவாக 2022 செப்டம்பரில் விதிகள் வந்தன: கடன் தொகை நேராகக் கடன் வாங்குபவரின் வங்கிக் கணக்குக்கு வர வேண்டும், எல்லாக் கட்டணங்களையும் சேர்த்த உண்மையான ஆண்டு விகிதத்தைச் சொல்ல வேண்டும், மனம் மாறினால் அபராதமின்றித் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியேற ஒரு கால அவகாசம் தர வேண்டும். 2024 அக்டோபர் முதல் எல்லாச் சில்லறைக் கடன்களுக்கும் முக்கிய விவர அறிக்கை ஒன்றைக் கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் தருவது கட்டாயம். நல்ல விதிகள்தான். ஆனால் அப்படி ஓர் அறிக்கை உண்டென்றே தெரியாத மாணவருக்கு, அதைத் தமிழில் கேட்கும் உரிமை இருந்தும் இல்லாதது போலத்தான். கணக்கை வாடகைக்குக் கொடுத்தால் கமிஷன் என்று ஆசை காட்டி மாணவர்களின் வங்கிக் கணக்குகளை இணைய மோசடிக்காரர்கள் பயன்படுத்துவதும் இந்த வரிசையில் சேரும். யாரோ ஒருவரின் திருட்டுப் பணம் தன் கணக்கு வழியாகப் போனால், போலீஸ் முதலில் வந்து நிற்பது தன் வீட்டு வாசலில் என்பதை ஒரு மாணவர் முதலாண்டிலேயே அறிந்திருக்க வேண்டும்.

இறுதியாண்டுக்கான பாடம் சம்பளம். வளாக நேர்காணலில் சொல்லப்படும் ஆண்டுத் தொகையான சிடிசிக்கும் மாத முடிவில் கணக்கில் ஏறும் தொகைக்கும் உள்ள இடைவெளியைப் பார்த்து அதிர்ச்சி அடையாத புதிய ஊழியர் குறைவு. நிறுவனம் செலுத்தும் வருங்கால வைப்புநிதிப் பங்கும், பணிக்கொடைக்கான ஒதுக்கீடும், கிடைக்குமா என்று உறுதியில்லாத ஊக்கத்தொகையும் அந்தத் தொகைக்குள் அடங்கியிருக்கும். பிடித்தம் என்ற பத்தியைப் புரியாமல் பார்ப்பவர், வேலை மாறும்போது பிஎஃப் பணத்தை எடுத்துச் செலவழித்துவிடுகிறார். ஐந்தாண்டு தொடர்ச்சியான பணிக்கு முன் எடுத்தால் வரி வரக்கூடும் என்பதும், பத்தாண்டுப் பணிக்காலம் இருந்தால்தான் மாத ஓய்வூதியத்துக்குத் தகுதி என்பதும், பழைய கணக்கைப் புதிய நிறுவனத்துக்கு மாற்றிக்கொள்ள முடியும் என்பதும் அவருக்குப் பின்னால்தான் தெரியவருகிறது. முதல் சம்பளம் வந்த மாதமே உறவினர் ஒருவர் பாலிசிப் படிவத்துடன் வருவார். மறுக்க முடியாத உறவு. அது காப்பீடா சேமிப்பா, இரண்டும் கலந்ததென்றால் உண்மையில் என்ன வட்டி கிடைக்கிறது, பாலிசி கைக்கு வந்து முப்பது நாளுக்குள் திருப்பித் தர முடியுமா என்று கேட்கத் தெரிந்திருந்தால் உறவும் கெடாது, பணமும் கெடாது. பெண்களுக்கு இந்தப் பாடம் இன்னொரு காரணத்தாலும் தேவை. சம்பளக் கணக்கின் ஏடிஎம் அட்டையும் செல்பேசி எண்ணும் யார் கையில் இருக்கின்றன என்பது பல வீடுகளில் இன்னும் பேசப்படாத விஷயம்.

முதலீட்டைப் பின்னுக்குத் தள்ளுவதற்கு எண்களிலேயே காரணம் இருக்கிறது. பங்குகளின் எதிர்கால விலையை வைத்து நடக்கும் எஃப் அண்ட் ஓ வணிகத்தில் ஈடுபட்ட தனிநபர்களில் 93 சதவீதத்தினர் 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்றாண்டுகளில் நட்டமடைந்ததாகவும், மொத்த நட்டம் 1.8 லட்சம் கோடி ரூபாயைத் தாண்டியதாகவும் செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. அந்த வணிகர்களில் முப்பது வயதுக்கு உட்பட்டவர்கள் ஒரே ஆண்டில் 31 சதவீதத்திலிருந்து 43 சதவீதமாக உயர்ந்தார்கள். நான்கில் மூன்று பங்குக்கு மேற்பட்டோரின் ஆண்டு வருமானம் ஐந்து லட்சத்துக்கும் கீழே. இவர்கள் நிதி விஷயங்களைப் பற்றிக் கேள்விப்படாதவர்கள் அல்லர். யூடியூபில் தமிழிலேயே மணிக்கணக்கில் கேட்டவர்கள். சந்தையைப் பற்றிய பேச்சு அவர்களை அடைந்த அளவுக்கு, கடனையும் அபாயத்தையும் பற்றிய பேச்சு அடையவில்லை. சீக்கிரம் தொடங்கினால்தான் முதலீடு பெருகும், அதைத் தள்ளிப்போடச் சொல்வது இளைஞர்களுக்கு நட்டம் என்று சிலர் வாதிடுவார்கள். கடனற்றவருக்கு அது சரி. ஆண்டுக்கு 42 சதவீத அட்டைப் பாக்கியை வைத்துக்கொண்டு பன்னிரண்டு சதவீத வருமானத்தை எதிர்பார்த்து எஸ்ஐபி கட்டுபவருக்கு, பாக்கியை அடைப்பதைவிட நல்ல முதலீடு எந்தச் சந்தையிலும் கிடையாது.

இனி மறுப்புகளுக்கு வருகிறேன். இவற்றில் வலுவானது, நிதிக் கல்வியால் நடத்தை மாறுவதில்லை என்பது. டேனியல் பெர்னாண்டஸ், ஜான் லிஞ்ச், ரிச்சர்ட் நெட்மேயர் ஆகிய மூன்று ஆய்வாளர்கள் 2014இல் இருநூறுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். மக்களின் நிதி நடத்தையில் காணப்படும் வேறுபாடுகளில் 0.1 சதவீதத்தை மட்டுமே நிதிக் கல்வியால் விளக்க முடிந்தது. பல மணி நேரம் பாடம் எடுத்தாலும் இருபது மாதங்கள் கழித்து அதன் தாக்கம் கரைந்துபோனது. இதைத் தள்ளிவிட்டுப் பேசுவது நேர்மையாகாது. எனினும் 2022இல் வெளியான மற்றொரு தொகுப்பாய்வு, பங்கேற்பாளர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து நடத்திய 76 சோதனைகளை, ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோரின் விவரங்களுடன் பரிசீலித்து, அறிவிலும் நடத்தையிலும் நல்ல விளைவு இருப்பதாகக் கண்டது. இரண்டையும் சேர்த்துப் படிக்கும்போது எனக்குக் கிடைக்கும் விடை இது: எப்போது, எப்படிச் சொல்லிக்கொடுக்கிறோம் என்பதைப் பொறுத்துப் பலன் மாறுகிறது. முதல் ஆய்வாளர்களே முடிவெடுக்கும் தறுவாயில் தரப்படும் கல்வியைத்தான் பரிந்துரைத்தார்கள். அகமதாபாத்தில் நடந்த ஒரு சோதனையில் காணொளிப் பாடம் மட்டும் கேட்டவர்களின் நடத்தை மாறவில்லை. அதோடு தமக்கென ஓர் இலக்கு வைத்துக்கொண்டு தனியாக ஆலோசனையும் பெற்றவர்கள் மாறினார்கள். பல பத்தாண்டுகள் கழித்துத் தேவைப்படும் ஓய்வுக் காலத் திட்டத்தை இருபது வயதில் சொன்னால் கரைந்துபோகும். அடுத்த மாதம் கையெழுத்திடப்போகும் கடன் பத்திரத்தை இந்த மாதம் சொன்னால் கரைய நேரமிருக்காது. பாடத்தின் வரிசையை நான் வலியுறுத்துவதன் காரணமே இதுதான்.

இரண்டாவது மறுப்பு அறம் சார்ந்தது, அதை நான் மதிக்கிறேன். கல்விக் கட்டணம் ஏறிக்கொண்டே போகும்போது, முதல் வேலையின் சம்பளம் அதற்கேற்ப ஏறாதபோது, மாணவரிடம் சிக்கனத்தையும் திட்டமிடலையும் போதிப்பது பழியை அவர் தலையில் போடுவதாகும் என்கிறார்கள். சட்டத்தால் தடுக்க வேண்டியதைப் பாடத்தால் தடுக்கப் பார்ப்பது ஏமாற்று என்று அமெரிக்கச் சட்டப் பேராசிரியர் லாரன் வில்லிஸ் 2008இலேயே கடுமையாக எழுதினார். கட்டணத்தைக் கட்டுப்படுத்துவதும் சட்டவிரோதச் செயலிகளை ஒழிப்பதும் அரசின் கடமை. வகுப்பறை அந்தக் கடமையைத் தன் தோளில் ஏற்க முடியாது. ஏழைக் குடும்பத்துப் பிள்ளையிடம் டீச் செலவைக் குறைத்துச் சேமி என்று சொல்லும் பாடத்தை நானும் எதிர்க்கிறேன். ஆனால் ஒழுங்குமுறை தானாக இயங்குவதில்லை. முக்கிய விவர அறிக்கை தரவில்லை என்று யாராவது புகார் கொடுத்தால்தான் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர் விசாரிக்க முடியும். 2003இல் தமிழ்நாடு கந்துவட்டித் தடைச் சட்டம் கொண்டுவந்தது; அதன் கீழ் புகார் கொடுக்கப் போகிறவருக்குத் தாம் கட்டிய வட்டியைக் கணக்காகக் காட்டத் தெரிந்திருக்க வேண்டும். உரிமையை அறிந்த கடனாளிகள் பெருகுவது சட்டத்துக்கே பலம்.

கடனைப் பற்றிப் பாடம் நடத்தினால் மாணவர்கள் துணிந்து கடன் வாங்கத் தொடங்கிவிட மாட்டார்களா என்ற அச்சமும் நியாயமானதே. பிரேசிலில் ஏறத்தாழ 900 உயர்நிலைப் பள்ளிகளில் நடந்த பெரிய சோதனையில் நிதிக் கல்வி பெற்ற மாணவர்கள் கூடுதலாகச் சேமித்தார்கள், வீட்டுச் செலவு முடிவுகளில் பங்கெடுத்தார்கள். அதே நேரம் பொருள் வாங்குவதற்கு அதிக வட்டிக் கடனைப் பயன்படுத்துவதும் அவர்களிடையே கூடியது. எனவே கடன் என்றால் என்ன என்ற பொது அறிமுகம் போதாது, ஆபத்தாகவும் முடியலாம். வட்டியைக் கையால் போட்டுப் பார்த்து, இரண்டு கடன்களை அருகருகே வைத்து ஒப்பிடும் பயிற்சி வேண்டும். தமிழ்நாட்டில் எதிர்ப்பக்க ஆபத்தும் உண்டு. வங்கிக் கடனுக்கு அஞ்சி, நகையை அடகு வைத்தோ மூணு வட்டிக்கு வாங்கியோ கட்டணம் கட்டும் குடும்பங்கள் இருக்கின்றன. கடனே வாங்காதே என்ற அறிவுரை அவர்களை மலிவான கடனிலிருந்து துரத்தி விலையுயர்ந்த கடனுக்குள் தள்ளுகிறது. பிரேசில் ஆய்வில் பிள்ளைகள் கற்றது பெற்றோரையும் சென்றடைந்தது என்பது, முதல் தலைமுறைப் பட்டதாரிகள் மிகுந்த நம் மாநிலத்துக்கு நம்பிக்கை தரும் செய்தி.

இதெல்லாம் வீட்டில் கற்க வேண்டியவை, கல்லூரிக்கு எதற்கு என்பவர்களும் உண்டு. வீட்டில் கற்றுக்கொள்ள ஏராளம் இருக்கிறது. 1989இல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் சுய உதவிக் குழுக்களில் வரவு செலவுப் பேரேடு எழுதும் தாய்மார்களின் பணத் தெளிவு எந்தப் பட்டதாரியினுடையதற்கும் குறைந்ததில்லை. ஏலச்சீட்டில் எந்த மாதம் எவ்வளவு தள்ளி எடுத்தால் கட்டுப்படியாகும் என்று மனத்திலேயே கணக்குப் போடுபவர்கள் நம் வீடுகளில் இருக்கிறார்கள். ஆனால் அதே வீடுகள்தான் 2012இல் மோசடி அம்பலமான பெருந்துறை ஈமு கோழிப் பண்ணைகளிலும் பணத்தைப் போட்டன. ஆருத்ரா நிறுவனத்தின் மீதான மோசடி வழக்கில் மாதம் 25 முதல் 30 சதவீதம் வட்டி தருவதாகச் சொல்லி ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரிடம் 2,400 கோடி ரூபாய்க்கு மேல் திரட்டப்பட்டதாகப் பொருளாதாரக் குற்றப் பிரிவு குற்றம்சாட்டியது. முதலீட்டாளர்களைப் பாதுகாக்க 1997இலேயே தனிச் சட்டம் இயற்றிய மாநிலம் இது. பழக்கமான கைகளுக்கு இடையே புழங்கும் பணத்தைப் பற்றிய அறிவு, முகம் தெரியாத நிறுவனத்தின் விளம்பரத்துக்கு முன் உதவாமல் போகிறது. வீட்டின் அறிவோடு ஆவணத்தைப் படிக்கும் அறிவையும் சேர்ப்பதுதான் கல்லூரி செய்யக்கூடியது.

பாடச் சுமை கூடும் என்ற மறுப்புக்கு விரிவான பதில் தேவையில்லை. முதலாண்டில் பதினைந்து மணி நேரம், இறுதியாண்டில் பதினைந்து மணி நேரம் போதும். 2022 மார்ச்சில் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தின் வழியாகத் திறன் பாடங்கள் ஏற்கெனவே கல்லூரிப் பாடத்திட்டத்துக்குள் வந்துவிட்டன. அந்த வழியிலேயே இதையும் கொண்டுவரலாம். யார் பாடம் எடுப்பது என்பதுதான் சிக்கலான கேள்வி. கேட்டால் இலவசமாகவே வந்து எடுக்கப் பங்குத் தரகு நிறுவனங்களும் காப்பீட்டு நிறுவனங்களும் தயாராக இருக்கும். அதை ஏற்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. பொருளை விற்பவர் அந்தப் பொருளை மறுக்கக் கற்றுத்தர மாட்டார். வளாகத்துக்குள் பாடத்தின் பெயரில் டிமேட் கணக்குத் திறப்பதையும் கிரெடிட் கார்டு விண்ணப்பம் வாங்குவதையும் பல்கலைக்கழகங்கள் எழுத்துபூர்வமாகத் தடைசெய்ய வேண்டும். நம் கலை அறிவியல் கல்லூரிகளில் வணிகவியலும் பொருளாதாரமும் கணிதமும் கற்பிக்கும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு இரண்டு வாரப் பயிற்சி கொடுத்தால் போதும். ஓய்வு பெற்ற வங்கி அலுவலர்களையும் வழக்கறிஞர்களையும் விருந்தினராக அழைக்கலாம். பாடநூல் தமிழில் இருக்க வேண்டும். கடன் பத்திரம் ஆங்கிலத்தில் வந்தால் அதை வரி வரியாகத் தமிழில் விளக்கும் பயிற்சியும் பாடத்தின் பகுதியாக வேண்டும்.

தேர்வு முறையும் முக்கியம். பணவீக்கம் என்றால் என்ன, நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடு என்ற வகைக் கேள்விகள் வந்துவிட்டால் இந்தப் பாடமும் கைடு வாங்கி மனப்பாடம் செய்யும் பாடமாகிவிடும். பெயர் நீக்கிய ஓர் உண்மையான கடன் விவர அறிக்கையைக் கையில் கொடுத்து, இதில் மொத்தம் எவ்வளவு திருப்பிக் கட்ட வேண்டிவரும், முன்கூட்டியே அடைத்தால் என்ன கட்டணம், எதை எதிர்த்து யாரிடம் புகார் செய்வீர்கள் என்று கேட்க வேண்டும். இறுதியாண்டில் சம்பளச் சீட்டு ஒன்றையும், ஆண்டுக்கு ஒருமுறை கட்டணமின்றிப் பெறக்கூடிய கடன் வரலாற்று அறிக்கை ஒன்றையும் அதே போல் கொடுக்கலாம். புத்தகத்தைப் பார்த்து எழுத அனுமதித்தாலும் தவறில்லை. உயர்கல்வித் துறை இதற்கான ஆசிரியர் பயிற்சியைக் கோடை விடுமுறையிலேயே முடித்துக்கொண்டால், கல்விக் கடன் விண்ணப்பங்களுடன் பெற்றோர்கள் வங்கிகளில் காத்திருக்கும் ஜூலை மாதத்திலேயே முதல் வகுப்பைத் தொடங்கிவிட முடியும்.